சீமைக் கார் சென்னையில் நொடித்த கதை

கொள்முதலுக்குச் சென்னை போய்வரும் நமது உறுப்பினர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலை அத்துப்படி. திண்டிவனம், செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி தாண்டி வண்டலூர் மிருகக்காட்சிச் சாலையைக் கடந்தால் பெருங்களத்தூர். இன்று அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. அந்தப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது என்பதும், அங்கே 1985 முதல் 1988 வரை ஒரு சீமைக் கார் தயாரானது என்பதும் நம்மில் இளைய தலைமுறையினர் பலருக்குத் தெரிந்திருக்காது. அதன் பெயர் ஸ்டாண்டர்டு 2000. ஐரோப்பாவில் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய இங்கிலாந்து ரோவர் காரின் உடம்பு அது. மூன்றே ஆண்டில் உற்பத்தி நின்றது. நாற்பது ஆண்டு வயதான கம்பெனியும் அதோடு கதவடைத்தது.

மளிகைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் சொகுசுக் காரைப் பற்றி என்ன கவலை என்று அன்பர்கள் கேட்கலாம். கார் வாங்கச் சொல்லி நாம் இதை எழுதவில்லை. நல்ல பெயர், நெடுஞ்சாலை ஓரத்து இடம், தொழில் தெரிந்த ஆட்கள், வெளிப் போட்டி இல்லாத மார்க்கெட் என்று எல்லாம் கையில் இருந்த ஒரு நிறுவனம், பெட்டிக்குள் எந்தச் சரக்கை வைத்து விற்றது என்ற ஒரு விஷயத்தில் எப்படிச் சறுக்கியது என்பதை வியாபாரிகளாகிய நாம் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. அதற்கு முதலில் அந்தக் காரைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மட்டமான கார் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது.

இங்கிலாந்தில் அது எப்படிப்பட்ட கார்?

இங்கிலாந்தில் ரோவர் என்றால் டாக்டர்கள், வக்கீல்கள், பாங்க் அதிகாரிகள் வைத்திருக்கும் கார். ரோல்ஸ் ராய்ஸ் போல ராஜாக்கள் வாங்கும் வண்டியல்ல. ஆனால் வாசலில் நின்றால் வீட்டுக்கு ஒரு கௌரவம். இந்த ரோவர் கம்பெனி பிரிட்டிஷ் லேலண்டு என்ற பெரிய குழுமத்தின் ஒரு பிரிவாகிவிட்டிருந்தது. அந்தக் குழுமம் நொடிக்கும் நிலைக்கு வந்து, 1975-இல் பிரிட்டிஷ் அரசே அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் தயாராகிக்கொண்டிருந்த புதிய காரின் திட்டப் பெயர் எஸ்.டி.1. ஸ்பெஷலிஸ்ட் டிவிஷன் என்ற பிரிவின் முதல் கார் என்பது அதன் பொருள். 1976 ஜூன் 30 அன்று அது வெளிவந்தது. 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருதும் கிடைத்தது.

வடிவத்தை அமைத்தவர் டேவிட் பாஷ். இன்ஜினியரிங் பொறுப்பு ஸ்பென் கிங் என்பவருடையது. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரை உருவாக்கியவரும் இவர்தான். இத்தாலியின் ஃபெராரி டேடோனா காரின் சாயல் ரோவரின் தாழ்ந்த முகத்திலும் நீண்ட பானெட்டிலும் தெரியும். பின்புறம் டிக்கி தனியாக இல்லை. கண்ணாடியோடு சேர்ந்து பின் கதவு முழுவதும் மேலே தூக்கித் திறக்கும். சாமான் ஏற்றுவதற்கு இவ்வளவு வசதியான அமைப்பை ஒரு கௌரவக் காரில் வைக்கலாமா என்று அந்தக் காலத்தில் யோசித்திருப்பார்கள். பாஷ் துணிந்து வைத்தார்.

முதலில் வந்த 3500 மாடலில் எட்டு சிலிண்டர் இன்ஜின். கொள்ளளவு 3528 சி.சி., திறன் 155 குதிரைச் சக்தி. இந்த இன்ஜின் ரோவரின் சொந்தச் சரக்கல்ல என்பதுதான் நமக்கு வேடிக்கை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1960-களின் தொடக்கத்தில் ப்யூக் முதலிய கார்களுக்காக இதைச் செய்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிட்டது. 1965-இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. இரும்புக்குப் பதில் அலுமினியத்தில் வார்த்த இன்ஜின் என்பதால் எடை குறைவு. சிலிண்டரின் அகலம் 88.9 மில்லி மீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமாகிய ஸ்ட்ரோக் 71 மில்லி மீட்டர்தான். அகலம் அதிகம், ஓட்டம் குறைவு என்றால் இன்ஜின் அலுங்காமல் வேகமாகச் சுழலும். பிறர் கழித்துக் கட்டிய சரக்கைச் சரியான விலைக்கு வாங்கி ரேஞ்ச் ரோவர் உட்பட எத்தனையோ வண்டிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காசாக்கியது ரோவர். பழைய சரக்கு வாங்குவதே தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

மற்ற இடங்களில் செலவைக் குறைத்திருந்தார்கள். இதற்கு முந்தைய ரோவரில் பின்சக்கரங்களுக்கு விலை கூடிய தனி அமைப்பும், நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்கும் இருந்தன. எஸ்.டி.1-இல் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே கனத்த அச்சில் பூட்டி, பின்னால் சாதாரண டிரம் பிரேக் வைத்தார்கள். சொகுசுக் காரில் இதுவா என்று அங்கே சிலர் முணுமுணுத்தார்கள். நம்முடைய சாலைக்கும் நம்முடைய மெக்கானிக்குக்கும் இது ஒரு வரம் என்றே சொல்ல வேண்டும். அம்பாசடரில் வேலை பழகிய கைகளுக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை.

இன்னொரு யுக்தி நமக்குப் பிடித்தது. மீட்டர்கள் எல்லாவற்றையும் ஒரு தனிப் பெட்டியில் வைத்து டேஷ்போர்டின் மேல் உட்கார வைத்தார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் வேண்டிய இங்கிலாந்துக்கும் இடப்பக்கம் வேண்டிய பிரான்சுக்கும் ஒரே டேஷ்போர்டு. பெட்டியை மட்டும் இடம் மாற்றினால் போதும். ஸ்டியரிங் கம்பி வராத பக்கத்தில் அந்த ஓட்டை காற்று வரும் துவாரமாகிவிடும். இரண்டு ஆட்சிகளையும் இரண்டு நாணயங்களையும் பார்த்த புதுச்சேரிக்காரர்களுக்கு, ஒரே கடையை இருவகை வாடிக்கையாளருக்கும் ஏற்றபடி வைப்பது எவ்வளவு பெரிய சாமர்த்தியம் என்று புரியும்.

அந்தக் கார் எப்படி ஓடும் என்பதற்கு ஒரு சம்பவம். 1987 மே 8 அன்று, மாற்று அறுவைச் சிகிச்சைக்காக ஒரு கல்லீரல் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்கு வந்து இறங்கியது. லண்டன் நகரின் நடுவில் ஆஸ்பத்திரியில் நோயாளி காத்திருந்தார். 27 மைல் தூரம், வேலை நாளின் போக்குவரத்து நெரிசல். லண்டன் போலீசார் அதை ரோவர் எஸ்.டி.1 காரில் ஏற்றிச் சுமார் அரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதே ஆண்டு, அதே உடம்புள்ள கார் பெருங்களத்தூரிலும் இருந்தது. உள்ளே இருந்த இன்ஜின் மட்டும் வேறு.

அதற்காக இங்கிலாந்தில் எல்லாம் சரியாக நடந்தது என்று எண்ண வேண்டாம். வேலை நிறுத்தங்களால் கார் கேட்டவர்களுக்குச் சரக்கு கிடைக்கவில்லை. கிடைத்த காரிலும் பெயிண்ட் நிற்கவில்லை, கதவுகள் சரியாகப் பொருந்தவில்லை. பரிசு வாங்கிய காரின் பெயரைத் தொழிற்சாலையின் கைவேலையே கெடுத்தது. 1986-இல் அங்கே எஸ்.டி.1 முடிவுக்கு வந்தது. அதற்கு அடுத்து வந்த ரோவர் 800 மாடலை ஜப்பானின் ஹோண்டாவோடு சேர்ந்தே உருவாக்க வேண்டியிருந்தது.

ஸ்டாண்டர்டு என்ற பெயர்

இந்தக் கார் நம் பக்கம் எப்படி வந்தது என்று பார்க்க, ஸ்டாண்டர்டு கம்பெனியின் வம்சாவளியைக் கொஞ்சம் தொட வேண்டும். 1903-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ரெஜினால்டு மாட்ஸ்லே தொடங்கிய கம்பெனி அது. நன்கு சோதித்துத் தேறிய பாகங்களை மட்டுமே போடுவோம் என்ற அர்த்தத்தில் ஸ்டாண்டர்டு என்று பெயர் வைத்தார். காலப்போக்கில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் மதிப்பு இறங்கிவிட்டது. டீலக்ஸ் என்பது மேல் ரகம், ஸ்டாண்டர்டு என்பது சாதா ரகம் என்று ஆனது. சாதா ரகம் என்ற பெயரில் யார் கார் வாங்குவார்கள்? 1963-இல் இங்கிலாந்தில் அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள். நம் ஊரிலோ இன்றைக்கும் "ஸ்டாண்டர்டான பொருள்" என்றால் நம்பி வாங்கலாம் என்று அர்த்தம். அதனால் பிறந்த நாட்டில் செத்த பெயர் சென்னையில் மேலும் இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்தது.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அசோக் மோட்டார்ஸும் பிறந்தது. அவர்கள் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். பின்னர் லாரிப் பக்கம் திரும்பி, 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். ஸ்டாண்டர்டு கம்பெனி காரிலேயே நின்றது. வேன்கார்டு, பிறகு சிறிய ஸ்டாண்டர்டு டென், அதன் பின் ஹெரால்டு. 1953-54 வாக்கில், இங்கேயே பாகங்களைச் செய்யத் திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்டலாம் என்று மத்திய அரசு சொல்லியபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்றே கார் கம்பெனிகள் மிஞ்சின. லைசென்ஸ், பர்மிட் காலம். காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். வாடிக்கையாளர் வாசலில் வரிசையாக நின்றால் கடைக்காரருக்குச் சோம்பல் வருவது இயற்கை. ஆனால் இந்தக் கம்பெனி தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை என்பதை ஹெரால்டை வைத்துச் சொல்லலாம்.

ஹெரால்டு 1961-இல் இங்கே வந்தது. இங்கிலாந்தில் அது டிரையம்ப் ஹெரால்டு. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த அழகிய சிறு கார். பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை செய்யலாம். சேஸிஸ் தனி, உடம்பு தனி. எங்காவது மோதினால் அந்தத் துண்டை மட்டும் போல்ட் கழற்றி மாற்றலாம். ஆட்டோ திரும்புகிற மாதிரி குறுகிய இடத்தில் திரும்பும். நம் ஊரின் பழைய தெருக்களில் ஹெரால்டு ஓட்டியவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

குறை ஒன்றே ஒன்று. கதவு இரண்டுதான். பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, குனிந்து, நுழைய வேண்டும். புடவை கட்டிய தாய்மார்களையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற நாட்டில் இது எடுபடுமா? சென்னையில் இருந்தவர்கள் இதைக் கவனித்தார்கள். 1960-களின் நடுவில் நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததே இல்லை. நமக்காக நம் ஆட்கள் செய்தது. அது அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவே தனக்கென்று ஒரு கூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஹெரால்டை இன்றும் அன்போடு பேசுகிறவர்கள் உண்டு. வாங்குபவரைப் பார்த்துச் சரக்கைத் திருத்தியதன் பலன் அது என்பது நமது எண்ணம்.

1971-இல் ஹெரால்டை மாற்றியமைத்து கெசெல் என்ற காரைக் கொண்டுவந்தார்கள். அது பெரிதாகப் போகவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் கார் உற்பத்தியே நின்று, ஸ்டாண்டர்டு 20 என்ற வேன் மட்டும் வந்துகொண்டிருந்தது. சாமான் ஏற்றவும் ஆள் ஏற்றவும் ஓடிய அந்த வேனை நமது மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள்.

உடம்பு புதுசு, உள்ளே பழசு

1980-களின் முற்பகுதியில் காற்று மாறியது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 வெளியே வந்தது. சொகுசுக் கார் பக்கமும் கதவு சற்றுத் திறந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கிலாந்து வாக்ஸால் காரின் உடம்பை வைத்து 1984-இல் கான்டெஸாவைக் கொண்டுவந்தது. பிரீமியர் 1985-இல் ஃபியட் 124 உடம்பில் நிசான் இன்ஜின் வைத்து 118 என்.இ. காரை விற்றது. சென்னைக் கம்பெனியும் தன் பழைய உறவைத் தேடிப் போயிற்று. இங்கிலாந்து ஸ்டாண்டர்டு 1961-இல் லேலண்டு கைக்குப் போனது, ரோவர் 1967-இல் அதே கைக்குப் போனது. ஆக இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ரோவர் எஸ்.டி.1 இந்த வழியாகத்தான் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 ஆகிச் சென்னைக்கு வந்தது.

பார்வைக்கு மற்ற இருவரையும் அது தூக்கிச் சாப்பிட்டது. அம்பாசடரின் உருண்டை உருவத்தையே முப்பது ஆண்டு பார்த்த கண்களுக்கு, இவ்வளவு நீளமும் தாழ்வுமாக, சுத்தமான கோடுகளோடு ஒரு கார் உள்நாட்டில் தயாராகிறது என்பது பெரிய ஆச்சரியம். நம் சாலைக்காகத் தரையிலிருந்து உயரத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். எஸ்.டி.1-ஐ ஒரு காலத்தில் பார்த்தவர்கள் நின்று பார்ப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. பானெட்டைத் திறந்தால்தான் விஷயம்.

அலுமினிய எட்டு சிலிண்டர் இன்ஜின் அங்கே இல்லை. இங்கிலாந்தில் 1982 முதல் சிறிய ரோவர் 2000-க்குப் போட்ட நவீன இரண்டு லிட்டர் இன்ஜினும் இல்லை. இருந்தது 1991 சி.சி. நான்கு சிலிண்டர் இரும்பு இன்ஜின். 1947-48 வாக்கில் வேன்கார்டு காருக்காகச் செய்த இன்ஜினின் வழித்தோன்றல். அதோடு நான்கு கியர் மட்டுமே. இங்கிலாந்து ரோவரில் ஐந்து.

இந்த இன்ஜினைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு கம்பெனிதான் ஃபெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்துக் கொடுத்தது. வேன்கார்டு காருக்கும் அந்தச் சாம்பல் நிற டிராக்டருக்கும் ஒரே குடும்பத்து இன்ஜின். நம் பாகூர், வில்லியனூர் விவசாயிகளிடம் மாஸி ஃபெர்குசன் என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஃபெர்குசன் என்ற அந்தப் பெயர் இந்த வரிசையில் வந்ததுதான். "டிராக்டர் இன்ஜின் வைத்த கார்" என்று ஸ்டாண்டர்டு 2000-ஐக் கேலி பேசியவர்கள் சொன்னது கட்டுக்கதை அல்ல. ஆனால் இதே 1991 சி.சி. அளவில்தான் டிரையம்ப் டி.ஆர்.2 என்ற பந்தயக் கார் ஓடியது. 1953-இல் பெல்ஜியத்தின் யாப்பேக் நெடுஞ்சாலையில் அது மணிக்கு 124 மைல் வேகம் தொட்டது. உழவுக்கும் பந்தயத்துக்கும் உழைத்த இன்ஜின். உழைப்பில் குறை சொல்ல முடியாது.

பழுது பார்ப்பதிலும் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. சாதாரண இன்ஜினில் சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் போட்டு போர் செய்து, பெரிய பிஸ்டன் போட வேண்டும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் போர் தாங்காது. இந்த இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனிக் குழாய். வெட் லைனர் என்பார்கள். குழாயைச் சுற்றி ரேடியேட்டர் தண்ணீர் நேராக ஓடும். தேய்ந்தால் பழைய குழாயை உருவிவிட்டுப் புதுக்குழாயையும் பிஸ்டனையும் சொருகலாம். இன்ஜின் மறுபிறவி எடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும். குழாயின் அடியில் உள்ள கேஸ்கட் சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் கசிந்து ஆயிலில் கலந்துவிடும். கவனமான மெக்கானிக் வேண்டும்.

அப்படியானால் எங்கே தவறு? ஸ்ட்ரோக் நீளத்தைப் பாருங்கள். சிலிண்டர் அகலம் 83 மில்லி மீட்டர், ஸ்ட்ரோக் 92. பெரிய ரோவரின் கணக்குக்கு நேர் எதிர். நீண்ட ஸ்ட்ரோக் உள்ள இன்ஜின் மெதுவாகச் சுழன்று பாரத்தை இழுக்கும். ஏரில் பூட்டிய மாடு மாதிரி நிதானமாக இழுக்குமே தவிர, ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும். குதிரைச் சக்தி 83. அம்பாசடர் ஐம்பதைச் சுற்றி இருந்த காலத்தில் 83 என்பது நம் நாட்டுக்குக் குறைவல்ல. ஆனால் இந்த உடம்பு 155 குதிரைக்காகத் தைத்த சட்டை. நீண்ட, கனமான வண்டியை அதில் பாதிச் சக்தி இழுக்க வேண்டியிருந்தது. இன்ஜின் திணறும்போது பெட்ரோல் தானாகப் போகும். சொகுசுக் காரை நம்பி விலை கொடுத்தவர், சீட்டிலும் கண்ணாடியிலும் கண்ட இங்கிலாந்தை ஆக்ஸிலேட்டரில் காணவில்லை. அச்சும் பிரேக்கும் எளிமையாக இருந்ததால் இந்தியாவுக்குப் பொருந்திய ஒரு கார், இன்ஜின் ஒன்றினால் பொருந்தாமல் போனது.

கையில் இருந்த இன்ஜினை ஏன் போட்டார்கள் என்பது வியாபாரிக்குப் புரியாத விஷயமல்ல. அச்சு, வார்ப்பு, மெஷின் எல்லாம் ஏற்கெனவே முதல் போட்டவை. புது இன்ஜின் என்றால் இறக்குமதி, அன்னியச் செலாவணி, அனுமதி, புதிய முதலீடு. கிடங்கில் இருப்பதை முதலில் தள்ளுவோம் என்ற எண்ணம் நம்மில் யாருக்கு வராது? பழைய புளியைப் புதுப் புளியோடு கலந்து விற்றால் முதல் தடவை போய்விடும். இரண்டாம் தடவை அந்த வாடிக்கையாளர் எதிர்க் கடையில் நிற்பார்.

வாங்குபவர் போட்ட கணக்கு

1985-இல் அந்த எதிர்க் கடை வந்துவிட்டது என்பதுதான் பெருங்களத்தூருக்கு நேர்ந்த சோதனை. பத்து ஆண்டு முன்னால் இந்தக் கார் வந்திருந்தால் வரிசையில் நின்று வாங்கியிருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். இப்போது மாருதி வந்து, சாவியைத் திருகினால் உடனே ஸ்டார்ட் ஆகும் காரையும், லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் என்ற கேள்வியையும் ஜனங்களுக்குப் பழக்கிவிட்டது. 796 சி.சி. பொடி வண்டி சொகுசுக் காருக்கு நேர்ப் போட்டி இல்லைதான். ஆனால் ஒரு நல்ல இன்ஜின் எப்படி இருக்கும் என்று ஊருக்கெல்லாம் ருசி காட்டிவிட்டது. சொகுசு வேண்டியவர்களுக்கு 118 என்.இ.-யில் நிசான் இன்ஜின் இருந்தது. கான்டெஸாவும் தொடக்கத்தில் அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினோடு வந்து இதே வகையில் தடுமாறியதுதான். ஆனால் அவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். 1987 வாக்கில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினைப் போட்டு கான்டெஸா கிளாசிக் என்று விற்றார்கள். அந்தக் கார் 2002 வரை ஓடியது. நோய் ஒன்றே. மருந்து சாப்பிட்டவர் பிழைத்தார்.

வேன் பக்கமும் அடி விழுந்தது. அந்த ஆண்டுகளில்தான் ஸ்வராஜ் மாஸ்டா, டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஐஷர் மிட்சுபிஷி என்று ஜப்பானியக் கூட்டில் நான்கு இலகு ரக வண்டிகள் இறங்கின. அரிசி மண்டிக்கும் எண்ணெய்க் கடைக்கும் சரக்கு இறக்கிய அவற்றை நம் பெரிய மார்க்கெட் வாசலில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கார் கைவிட்டால் வேனையாவது பிடித்துக்கொண்டு பிழைக்கலாம் என்ற வழியும் இப்படி அடைபட்டது.

சொகுசுக் காருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. விற்பவர் நாளைக்கு இருப்பாரா என்பது அது. ஒரு கண்ணாடி உடைந்தாலும் ஒரு விளக்கு போனாலும் எங்கே கிடைக்கும் என்று வாங்குபவர் யோசிப்பார். அம்பாசடர் சாமான் திண்டிவனத்திலும் கிடைக்கும், விழுப்புரத்திலும் கிடைக்கும். சில ஆயிரம் வண்டிகளே தயாரான ஸ்டாண்டர்டு 2000-க்கு உதிரி பாகம் வைக்க எந்தக் கடைக்காரர் முதல் போடுவார்? ஓடாத சரக்குக்கு யார் அலமாரி ஒதுக்குவார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

நம் ஊருக்கும் சொகுசுக் கார்களுக்கும் உள்ள உறவு பிற்காலத்தில் வேறு வழியில் வந்தது. வாகன வரி இங்கே குறைவு என்பதால் வெளிமாநிலத்தார் தங்கள் விலை உயர்ந்த கார்களைப் புதுச்சேரி எண்ணில் பதிவு செய்துகொண்டதும், 2017-இல் அது கேரளாவில் பெரிய பிரச்சினையாகிச் செய்தித்தாள்களில் அடிபட்டதும் அன்பர்கள் அறிந்ததே. காரைக் காணாமலே அதன் நம்பரால் புகழ் பெற்ற ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும்!

தயாரிப்பாளர் மூவர் மட்டும் இருந்த மார்க்கெட் போலத்தான் ஒரு காலத்தில் நம் தெருக்களும் இருந்தன. தெருவுக்கு ஒரு மளிகைக் கடை, பற்று வரவு நோட்டு, வேறு போக்கிடம் இல்லாத வாடிக்கையாளர். இன்று பல்பொருள் அங்காடியும், செல்போனில் ஆர்டர் எடுத்து வாசலில் இறக்கும் கம்பெனிகளும் வந்துவிட்டன. கடையை ஏ.சி. செய்து கண்ணாடிக் கதவு போட்ட நம் நண்பர்களை நாம் பாராட்டுகிறோம். உள்ளே அலமாரியில் உள்ள பருப்பு எந்த மாதத்துச் சரக்கு என்பதையும் அவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம்.

பூட்டிய கதவுக்குள்

1988-இல் ஸ்டாண்டர்டு 2000 நின்றது. தொழிற்சாலை மூடியது. ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்த கைத்திறன் அங்கே இருந்தது. அதைக் கேட்டு வாங்க யாரும் இல்லாமல் போயிற்று. கார் கம்பெனி மூடினால் அதை நம்பிப் பாகம் செய்து கொடுத்தவர்கள், டீலர்கள், வாசலில் டீக்கடை வைத்தவர்கள் வரை கணக்கு முடியாமல் நின்றுவிடும் என்பது தொழில் செய்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தே ஆண்டுகளில் அதே ஜி.எஸ்.டி. சாலையில், சற்றுத் தெற்கே மறைமலை நகரில் ஃபோர்டு கார்களும், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் கார்களும் தயாராகத் தொடங்கின. 1950-களில் கடையைக் கட்டிப் போன ஃபோர்டு திரும்பி வந்த இடம், ஸ்டாண்டர்டின் பூட்டிய வாசலிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான்.

இங்கிலாந்திலும் பெயர்கள்தான் மிஞ்சின. ரோவர் கார் தயாரித்த கம்பெனி 2005-இல் மூழ்கியது. ரோவர் என்ற பெயர் ஃபோர்டு கைக்குப் போய், 2008-இல் ஜாகுவார், லேண்டு ரோவர் நிறுவனங்களோடு சேர்த்து டாடா மோட்டார்ஸ் வாங்கியபோது நம் நாட்டுக்காரர் கணக்கில் வந்து சேர்ந்தது. அம்பாசடர் பெயரை 2017-இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியவர்கள் பிரான்சின் பெஜோ குழுமத்தார். காரே தயாராகாத ஒரு பெயருக்கு 80 கோடி! ஸ்டாண்டர்டு என்ற பெயரை அப்படிக் கேட்டு யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

பெருங்களத்தூர்த் தொழிற்சாலை ஏறக்குறைய பதினெட்டு ஆண்டு சீல் வைத்தபடியே கிடந்தது. 2006-இல் கட்டடங்களை இடித்துச் சொத்துக்களை ஏலம் விட்டார்கள். உள்ளே பெட்டி பெட்டியாக, பிரிக்காமல், ஸ்டாண்டர்டு கார்களின் உதிரி பாகங்கள் இருந்தன. ஒரு தலைமுறைக் காலம் கார் வைத்திருந்தவர்கள் கடை கடையாய்த் தேடியும் கிடைக்காமல் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடக் காரணமாயிருந்த அதே சாமான்கள். அவை மார்க்கெட்டுக்கு வந்தது அப்போதுதான்.